ஒரு சிடி ஸ்கேன் எடுத்த பிறகு இன்னொன்று எதற்கு? ஆலன் கார்மக் 1956இல் கேட்ட கேள்வி

கேள்வி இது: “அம்மாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். கரண்ட் வைக்கணும்னு சொல்லிட்டாங்க. போன மாசம்தான் சிடி எடுத்தோம். இப்ப பிளானிங் சிடின்னு இன்னொண்ணு எடுக்கச் சொல்றாங்க. ஏன்னு கேட்டா ‘பிசிசிஸ்ட்டுக்கு வேணும்’ங்கிறாங்க. புற்றுநோய் ஆஸ்பத்திரியில பிசிக்ஸ் படிச்சவருக்கு என்ன வேலை? இந்தத் துறையில பேர் சொல்லும்படி யாராவது இருக்காங்களா?”

அந்த சிடியை எடுத்துவிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள். போன மாதம் எடுத்த படத்தில் குறை எதுவும் இல்லை. அது நோய் எங்கே இருக்கிறது, எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்க எடுத்தது. இப்போது எடுக்கப்போவது, ‘கரண்ட்’ என்று நீங்கள் சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சையில் கதிர் அம்மாவின் உடலுக்குள் போகும்போது எந்த இடத்தில் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட. அந்தக் கணக்கைப் போடுகிறவர்தான் பிசிசிஸ்ட், தமிழில் மருத்துவ இயற்பியலாளர். இருபது வருடத்துக்கு மேலாக நான் செய்துவரும் வேலையும் அதுதான்.

நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் ஒரே ஆளின் கதையைப் பதிலாகச் சொல்லலாம். ஆலன் கார்மக். 1979இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டோடு பகிர்ந்துகொண்டவர். சிடி ஸ்கேனுக்காகக் கொடுத்த பரிசு அது. இருவரும் மருத்துவர்கள் இல்லை, இருவரும் முனைவர் பட்டம் முடித்தவர்களும் இல்லை. ஹவுன்ஸ்ஃபீல்டு பொறியாளர், கார்மக் இயற்பியல் பேராசிரியர். சிடி என்றால் நோயைக் கண்டுபிடிப்பதற்காகவே பிறந்த கருவி என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். கார்மக் தேடத் தொடங்கியது அதற்காக இல்லை. கதிர்வீச்சு சிகிச்சைக்குப் போடும் கணக்கு உடலுக்குப் பொருந்தாமல் போகிறதே என்ற கவலையில்தான் அவர் இதற்குள் வந்தார். அம்மாவுக்கு எடுக்கப்போகும் இரண்டாவது சிடி, அவர் முதன்முதலில் கேட்ட கேள்விக்கு நேரடியான பதில்.

கார்மக் 1924இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்திலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு வந்தவர்கள். அப்பா தபால் துறையில் பொறியாளர், அம்மா ஆசிரியை. 1936இல் அப்பா இறந்ததும் குடும்பம் கேப் டவுனுக்குக் குடிவந்தது. அங்கே பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலில் சேர்ந்து, பிறகு இயற்பியலுக்கு மாறினார். அடுத்து கேம்பிரிட்ஜின் காவண்டிஷ் ஆய்வகத்தில், ஓட்டோ ஃபிரிஷ்ஷிடம் ஆய்வு மாணவர். இயற்பியலாளர் டிராக் நடத்திய குவாண்டம் இயற்பியல் வகுப்பில் பார்பரா சீவி என்ற அமெரிக்க மாணவியைச் சந்தித்தார். கல்யாணம் செய்துகொள்ள ஆசை, கையில் காசு இல்லை. கேப் டவுனில் தன் பழைய பேராசிரியருக்கு எழுதி வேலை கேட்டார், கிடைத்தது. ஆய்வுப் பட்டத்தை அப்படியே விட்டுவிட்டு 1950இல் விரிவுரையாளராகத் திரும்பிவிட்டார்.

1955 முடியும் சமயம், அதே ஊரின் குரூட் ஸ்கூர் மருத்துவமனையிலிருந்த இயற்பியலாளர் வேலையை விட்டுப் போனார். பிற்காலத்தில் உலகின் முதல் இதய மாற்று அறுவை சிகிச்சை நடந்த அதே ஆஸ்பத்திரிதான். கதிரியக்க ஐசோடோப்புகளைக் கையாள வேண்டுமென்றால் தகுதியுள்ள இயற்பியலாளர் ஒருவரின் மேற்பார்வை வேண்டும் என்பது தென்னாப்பிரிக்கச் சட்டம். கேப் டவுனில் அப்போது இருந்த ஒரே அணுக்கரு இயற்பியலாளர் கார்மக்தான். வாரத்தில் ஒன்றரை நாள் வந்து பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். 1956இன் முதல் ஆறு மாதம் போய் வந்தார். (நம் நாட்டிலும் இதே கதைதான். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி, தகுதி பெற்ற மருத்துவ இயற்பியலாளர் இல்லாமல் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவை நடத்த முடியாது. ‘பிசிசிஸ்ட்டுக்கு வேணும்’ என்று அவர்கள் சொன்னதன் பின்னால் இந்தச் சட்டப் பொறுப்பும் இருக்கிறது.)

அவருடைய வேலை ஐசோடோப்புகளைக் கவனிப்பது. ஆனால் அவருக்கு இடம் கொடுத்திருந்தது கதிரியல் பிரிவில். அதனால் சிகிச்சைத் திட்டம் எப்படிப் போடுகிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்க்க வாய்த்தது.

அந்தக் காலத்து பிளானிங்கைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ஒரு ஈயக் கம்பியை நோயாளியின் மார்பைச் சுற்றி வளைத்து, அந்த வளைவு கலையாமல் எடுத்துக் காகிதத்தின் மேல் வைத்துப் பென்சிலால் வரைந்துகொள்வார்கள். அதுதான் நோயாளியின் குறுக்குவெட்டு. உள்ளே கட்டி இருக்கும் இடத்தை எக்ஸ்ரேயைப் பார்த்து உத்தேசமாகக் குறிப்பார்கள். அதற்கு மேல் ஐசோடோஸ் சார்ட்டை வைப்பார்கள். டோஸ், அதாவது உடலில் இறங்கும் கதிரின் அளவு, சமமாக இருக்கும் இடங்களை இணைத்து வரைந்த கோடுகள் உள்ள தாள் அது, நிலப்படத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்துக் கோடு போடுவது மாதிரி. முன்பக்கமிருந்து வரும் கதிருக்கு ஒரு தாள், பக்கவாட்டுக் கதிருக்கு இன்னொரு தாள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, கோடுகள் வெட்டும் இடங்களில் எண்களைக் கூட்டி, மொத்த டோஸை வரைய வேண்டும். குரூட் ஸ்கூரில் ஓர் இளம்பெண் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்ததையும், மருத்துவர் வந்து பார்த்து மாற்றச் சொல்வதையும், அந்தப் பெண் மறுபடி முதலிலிருந்து போடுவதையும் கார்மக் பிற்பாடு எழுதியிருக்கிறார்.

அந்தத் தாள்களில் இருந்த எண்கள் எங்கிருந்து வந்தன? உடல் முழுக்க ஒரே சீரான பொருளால் ஆனது என்று வைத்துக்கொண்டு எடுத்த அளவுகள் அவை. அம்மாவின் மார்பை நினைத்துப் பாருங்கள். நடுவில் உணவுக்குழாய், அதற்குப் பின்னால் முதுகெலும்பு, இரண்டு பக்கமும் காற்று நிறைந்த நுரையீரல். சிகிச்சைக்குப் பயன்பட்ட கதிரியக்கப் பொருளான கோபால்ட் 60இன் காமா கதிர் 10 சென்டிமீட்டர் தண்ணீரைக் கடந்தால், சிதறி வருவதைச் சேர்க்காமல் பார்த்தால், ஏறத்தாழ 53 சதவீதம் மிஞ்சும். அதே 10 சென்டிமீட்டர் நுரையீரலாக இருந்தால் 80 சதவீதத்துக்கு மேல் மிஞ்சும். நுரையீரலின் அடர்த்தி தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு, அதனால்தான் இந்த வித்தியாசம். தாளில் போட்ட கோட்டுக்கும் உடலுக்குள் நடப்பதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். மருத்துவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. திருத்தம் செய்ய வழிதான் இல்லை.

கார்மக் யோசித்தது இதுதான். டோஸ் கணக்கு சரியாக வர வேண்டுமென்றால், உடலின் உள்ளே ஒவ்வொரு புள்ளியும் கதிரை எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற எண் வேண்டும். உடலைத் திறக்காமல், வெளியிலிருந்து அளந்தே அந்த எண்களை எடுக்க வேண்டும். எடுத்துவிட்டால் அந்த எண்களே உள்ளே இருப்பதன் படமாகவும் ஆகிவிடும், நோயைக் காணவும் பயன்படும் என்பது சீக்கிரமே அவருக்குத் தோன்றியது. அந்த வரிசை முக்கியம்: முதலில் சிகிச்சைக் கணக்கு, அதன் பிறகு படம். சிடியின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

வெளியிலிருந்து அளந்து உள்ளே இருப்பதை எப்படிச் சொல்ல முடியும்? நான்கு கட்டங்கள் உள்ள ஒரு சதுரத்தை எடுத்துக்கொள்வோம். மேலே இரண்டு, கீழே இரண்டு. ஒவ்வொன்றிலும் ஓர் எண் ஒளிந்திருக்கிறது. உங்களுக்குத் தெரிவது கூட்டுத்தொகைகள் மட்டும். மேல்வரிசையின் கூட்டல் 5, கீழ்வரிசை 9. இடது பக்க நெடுவரிசை 7, வலது பக்கம் 7. இடது மேல்மூலையிலிருந்து வலது கீழ்மூலைக்குப் போகும் கோணல் கோட்டின் கூட்டல் 4. இப்போது இடது மேல் கட்டத்தைப் பாருங்கள். அதன் வழியாகப் போகும் மூன்று கோடுகளின் கூட்டல்கள் 5, 7, 4. சேர்த்தால் 16. நான்கு கட்டங்களின் மொத்தம் 14. அந்த 16இல் மற்ற மூன்று கட்டங்களும் ஒவ்வொரு முறைதான் வருகின்றன, இடது மேல் கட்டம் மட்டும் மூன்று முறை வருகிறது. ஆகவே கூடுதலாக இருக்கும் 2, அந்தக் கட்டத்தின் இரண்டு மடங்கு. அதன் எண் 1. மற்றவை தானாக வந்துவிடும்: பக்கத்தில் 4, கீழே 6, கோணலில் 3. எந்தக் கட்டத்தையும் நாம் திறந்து பார்க்கவில்லை.

ஒரு கதிர் உடலைக் கடந்து மறுபக்கம் வரும்போது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து மடக்கை (லாகரிதம்) எடுத்தால், கிடைப்பது அந்தக் கோட்டில் இருக்கும் எல்லாக் கட்டங்களின் கூட்டுத்தொகை. பல கோணங்களில் பல கோடுகள் எடுத்தால் போதும், மீதி எல்லாம் கணிதம். எக்ஸ்ரே கண்டுபிடித்து அப்போதே அறுபது வருடம் ஆகியிருந்தது. யாராவது இந்தக் கணக்கைப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துத்தான் கார்மக் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. தானே முதலிலிருந்து போட்டார். உண்மையில் ஆஸ்திரியக் கணித அறிஞர் யோஹான் ராடான் 1917இலேயே இதற்குத் தீர்வு எழுதி வைத்திருந்தார். அது கார்மக்குக்குத் தெரியவர இன்னும் 14 வருடம் ஆயிற்று.

முதல் சோதனை 1957இல், கேப் டவுனில். நடுவில் அலுமினியம், சுற்றிலும் மர வளையம் என்று ஒரு வட்டத் தட்டு. ஒரு பக்கம் கோபால்ட் 60, மறுபக்கம் கதிரை எண்ணும் கருவியான கைகர் எண்ணி. தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு இடத்திலும் எண்ணிக்கை எடுத்தார். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும் வட்டம் என்பதால் ஒரு திசையில் அளந்தாலே போதும். கணக்கு வெங்காயம் உரிப்பது போலத்தான். ஓரமாகப் போகும் கதிர் வெளித்தோலை மட்டுமே தொடுகிறது, அதிலிருந்து வெளித்தோலின் எண் கிடைக்கும். அதைக் கழித்துவிட்டு அடுத்த தோல், அதைக் கழித்துவிட்டு அதற்கும் அடுத்தது.

மரத்துக்கும் அலுமினியத்துக்கும் எண்கள் எதிர்பார்த்தபடி வந்தன. ஆனால் நட்டநடுவில் இருந்த மூன்று புள்ளிகள் மட்டும் கோட்டை விட்டுச் சற்றே விலகி நின்றன. அளவுப் பிழை என்று ஒதுக்கிவிடக்கூடிய சின்ன விலகல்தான். கார்மக் ஒதுக்கவில்லை. தட்டைச் செய்து கொடுத்த பட்டறையில் விசாரித்தார். அலுமினிய உருளையின் மையத்தில் சற்றே வேறான அலுமினியத்தில் ஒரு முளையைச் செருகியிருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. செய்தவர்கள் சொல்லவில்லை, வெளியிலிருந்து பார்த்தாலும் தெரியாது. கைகர் எண்ணியும் காகிதமும் அதைக் கண்டுபிடித்துவிட்டன.

இந்த முளையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன், ஏனென்றால் இதே வேலையை இன்றும் செய்கிறோம். பிளானிங்குக்குப் பயன்படும் ஒவ்வொரு சிடி மெஷினையும் பேன்டம், அதாவது உடலுக்குப் பதிலாக வைக்கும் ஒரு மாதிரி, வைத்துச் சோதிக்க வேண்டும். தோசைக்கல் அகலத்துக்கு, கையளவு தடிமனில், கனமான வட்டப் பிளாஸ்டிக். அதில் வரிசையாகத் துளைகள். ஒவ்வொன்றிலும் கட்டைவிரலைவிடப் பருமனான ஒரு ப்ளக்கைச் செருகுவோம். ஒன்று நுரையீரல் போல, ஒன்று கல்லீரல் போல, ஒன்று எலும்பு போல, ஒன்று கொழுப்பு போல. ஒவ்வொன்றின் அடர்த்தியும் நமக்கு முன்பே தெரியும். ஸ்கேன் எடுத்து, சிடி காட்டும் எண்ணையும் தெரிந்த அடர்த்தியையும் ஒரு வரைபடத்தில் குறித்து வளைகோடு போடுவோம். அந்தக் கோட்டை வைத்துத்தான் அம்மாவின் டோஸைக் கம்ப்யூட்டர் கணக்கிடும்.

பல வருடத்துக்கு முன்பு நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில், வருடாந்தர சோதனையின்போது இரண்டு புள்ளிகள் மட்டும் கோட்டில் உட்காரவில்லை. மெஷினில் கோளாறு, கம்பெனி ஆளைக் கூப்பிடலாம் என்றார் கூட இருந்தவர். மணி இரவு எட்டு தாண்டிவிட்டது, மறுநாள் காலையில் நோயாளிகள் வருவார்கள். பேன்டத்தைப் பெட்டியிலிருந்து மறுபடி எடுத்து ஒவ்வொரு ப்ளக்காக உருவிப் பார்த்தேன். இரண்டு ப்ளக்குகளில் எழுத்து தேய்ந்துபோய், இடம் மாறிச் செருகப்பட்டிருந்தன. மாற்றி வைத்து எடுத்ததும் புள்ளிகள் கோட்டுக்கு வந்தன. அன்றைக்கு அந்த இரண்டு புள்ளிகளைக் கண்டுகொள்ளாமல் கோட்டை இழுத்திருந்தால், அந்த மெஷினில் படம் எடுத்த ஒவ்வொருவரின் கணக்கிலும் அந்தப் பிழை ஏறியிருக்கும். யாருக்கும் வெளியே தெரிந்திருக்காது. பிசிக்ஸ் படித்தவருக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று கேட்டீர்களே, இதுதான் அந்த வேலை.

கார்மக் 1957இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, பாஸ்டனுக்கு அருகிலுள்ள டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவருடைய முழுநேர ஆய்வு அணுக்கரு, துகள் இயற்பியல்தான். இந்தக் கணக்கு ஓய்வு கிடைக்கும்போது எடுத்துப் பார்க்கும் விஷயமாகவே இருந்தது. 1963இல் வட்டச் சமச்சீர் இல்லாத ஒரு மாதிரியைச் செய்தார். மண்டையோட்டுக்குப் பதிலாக வெளியே அலுமினிய வளையம், உள்ளே மூளைக்குப் பதிலாக பிளாஸ்டிக், அதற்குள் கட்டிகளுக்குப் பதிலாக இரண்டு சின்ன அலுமினியத் துண்டுகள். பல கோணங்களில் அளந்து, கம்ப்யூட்டரில் கணக்கிட்டு, துண்டுகள் இருந்த இடத்தைச் சரியாக எடுத்துக் காட்டினார். 1963இலும் 1964இலும் இரண்டு கட்டுரைகளாக ஓர் இயற்பியல் இதழில் வந்தது.

அநேகமாக யாரும் கண்டுகொள்ளவில்லை. கட்டுரையின் பிரதி கேட்டு வந்த சில கடிதங்களில் கார்மக்குக்கு மறக்காமல் இருந்தது, சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு மையத்திலிருந்து வந்தது. மலை மேல் படிந்த பனியின் உள்ளடுக்குகளைத் தெரிந்துகொள்ள முடியுமா என்பது அவர்களுடைய அக்கறை. கதிர்மூலத்தையோ எண்ணியையோ பனிக்கு அடியில் மலைக்குள் கொண்டுபோய் வைத்தால் முடியும் என்பது கார்மக்கின் பதில். புற்றுநோய் மருத்துவர்களின் வாசிப்பில் அந்த இயற்பியல் இதழ் இல்லை. கேள்வி பிறந்த இடத்துக்குப் பதில் போய்ச் சேரவில்லை.

ஹவுன்ஸ்ஃபீல்டு இதையெல்லாம் அறியாமல், இங்கிலாந்தின் இஎம்ஐ நிறுவனத்தில் 1967 வாக்கில் தனியாகத் தொடங்கியவர். அவருடைய முதல் சோதனைக்கருவி ஒரு பழைய லேத்தின் மேல் கட்டியது. கதிர்மூலம் பலவீனமானது என்பதால் ஒரு படத்துக்கு 9 நாள் பிடித்தது. எக்ஸ்ரே குழாயைப் பொருத்தியதும் 9 மணி நேரமாகக் குறைந்தது. 1971 அக்டோபர் 1ஆம் தேதி, லண்டன் விம்பிள்டனில் உள்ள ஆட்கின்சன் மார்லி மருத்துவமனையில், மூளையின் முன்பகுதியில் கட்டி இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு முதல் ஸ்கேன் எடுத்தார்கள். 80க்கு 80 கட்டங்கள் கொண்ட படம், அதில் கட்டி தெளிவாகத் தெரிந்தது. அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஓடும் மெஷினைச் செய்து காட்டியவர் ஹவுன்ஸ்ஃபீல்டுதான், அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. கார்மக்கின் கணிதத்தை அவர் எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஆனாலும் நோபல் குழு இருவரையும் சேர்த்தது சரி என்றே நினைக்கிறேன். உடலின் உள்ளே கதிர் குறையும் அளவைப் புள்ளி புள்ளியாக எண்ணாக்க வேண்டும் என்று சிகிச்சை மேசையின் பக்கத்தில் நின்று கேட்டவர் கார்மக்.

இன்று அந்த எண்களுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டு எண்கள் என்று பெயர். தண்ணீர் 0, காற்று கழித்தல் 1000. நுரையீரல் கழித்தல் 700, 800 என்று வரும், கெட்டி எலும்பு 1000ஐத் தொடும், சில சமயம் தாண்டும். நீங்கள் கையில் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் ஃபிலிமில் இருப்பது சாம்பல் நிறம்தான், அடியில் எல்லாமே எண்கள். டாக்டர் நிறத்தைப் பார்க்கிறார், நாங்கள் எண்ணைப் பார்க்கிறோம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சிடி மெஷின் எடுக்கும் எக்ஸ்ரே 120 கிலோவோல்ட் அளவில். அம்மாவுக்கு லினாக்கில், அதாவது உயர் ஆற்றல் எக்ஸ்ரே தரும் சிகிச்சை மெஷினில், சிகிச்சை என்றால் அது 6 மெகாவோல்ட், ஐம்பது மடங்கு. குறைந்த ஆற்றலில் எலும்பிலுள்ள கால்சியம் கதிரை அளவுக்கு மீறி விழுங்கும். அதிக ஆற்றலில் அப்படி இல்லை, அந்த இடத்தில் எலக்ட்ரான் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதை மட்டும் பொறுத்தே கதிர் குறையும். எனவே சிடி எண்ணை அப்படியே எடுத்துக் கணக்கில் போட முடியாது, எலக்ட்ரான் அடர்த்தியாக மாற்ற வேண்டும். மேலே சொன்ன பேன்டம் இதற்குத்தான். கார்மக் கோபால்ட் 60 வைத்து அளந்தபோது இந்த மாற்றமே தேவைப்பட்டிருக்காது, ஏனென்றால் அவர் சிகிச்சைக்குப் பயன்படும் கதிராலேயே அளந்தார். பிற்காலத்தில் விஸ்கான்சினில் ராக் மேக்கியும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய டோமோதெரபி மெஷின், சிகிச்சை கொடுக்கும் அதே குழாயிலிருந்து ஆற்றலைக் குறைத்து மெகாவோல்ட் படம் எடுக்கிறது. இடுப்பில் உலோகம் வைத்தவர்களுக்குச் சாதாரண சிடியில் வரும் கருப்புக் கோடுகள் அதில் மிகக் குறைவு.

இப்போது போன மாதத்துப் படத்தை ஏன் பயன்படுத்த முடியாது என்பதற்கு வருகிறேன். அதை எடுத்த மெஷினின் மேசை உள்வளைந்து, தொட்டில் மாதிரி இருந்திருக்கும். சிகிச்சை மேசை பலகை போல நேராக இருக்கும். தொட்டிலில் படுத்த முதுகும் பலகையில் படுத்த முதுகும் ஒன்றில்லை. முதல் படத்துக்கு மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லியிருப்பார்கள், அப்போது நுரையீரல் விரிந்திருக்கும். சிகிச்சையின்போது அம்மா இயல்பாக மூச்சு விட்டுக்கொண்டுதான் இருப்பார். ரத்தக் குழாய்கள் தெரிவதற்காக ஊசி வழியாக மருந்து போட்டு எடுத்திருந்தால், அந்த மருந்திலிருக்கும் அயோடின் சிடி எண்களை உயர்த்திவிடும், கம்ப்யூட்டர் அந்த இடத்தை இன்னும் அடர்த்தியானது என்று எண்ணிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மெஷினுக்கு யாராவது பேன்டம் வைத்து வளைகோடு போட்டிருக்கிறார்களா என்பது எங்களுக்குத் தெரியாது. வேறு ஸ்கேன் சென்டரில் எடுத்தது என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் அந்தப் படத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், படம் பதிந்த டிஸ்க்கையும் ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். கட்டியின் எல்லையை வரையும்போது டாக்டர் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

பிளானிங் சிடி அன்று அம்மாவைக் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் படுக்கச் சொல்வார்கள். உடம்புக்கு அடியில் ஒரு அச்சு மாதிரி வைத்து அந்த நிலையைப் பிடித்துவைப்பார்கள். சுவரிலிருந்து சிவப்பு அல்லது பச்சை லேசர் கோடு மார்பில் விழும், அந்த இடங்களில் மார்க் போடுவார்கள். இதற்கே அரை மணி நேரம் ஆகலாம். படம் எடுக்க ஒரு நிமிடம் போதும். தோள் வலி இருந்தால் முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள், ஏனென்றால் அன்று படுக்கும் அதே நிலையில்தான் அடுத்த ஐந்து வாரமோ ஆறு வாரமோ தினமும் படுக்க வேண்டும்.

சிகிச்சை நாட்களிலும் லினாக்கிலேயே அவ்வப்போது ஒரு படம் எடுப்பார்கள், பயப்பட வேண்டாம். அதற்குக் கோன் பீம் சிடி என்று பெயர். சிகிச்சை மெஷினின் கையிலேயே எக்ஸ்ரே குழாயையும் தட்டையான டிடெக்டரையும் பொருத்தி, நோயாளி படுத்த நிலையிலேயே படம் எடுக்கும் முறை. 2000ஐ ஒட்டிய வருடங்களில் அமெரிக்காவின் மிஷிகனில் டேவிட் ஜாஃப்ரே என்ற மருத்துவ இயற்பியலாளரும் சகாக்களும் கொண்டுவந்தது. பேர் சொல்லும்படி யாராவது உண்டா என்று கேட்டதற்கு இவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளானிங் சிடியையும் அன்றைய படத்தையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பார்த்து, மூன்று மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் மேசையை நகர்த்திச் சரிசெய்வார்கள்.

கார்மக்கைப் பற்றி இன்னும் ஒன்று. 1963 கட்டுரையிலேயே அவர் புரோட்டானைப் பற்றியும் யோசித்திருந்தார். எக்ஸ்ரே உடலைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும், புரோட்டான் குறிப்பிட்ட ஆழத்தில் தன் ஆற்றலை இறக்கிவிட்டு அங்கேயே நின்றுவிடும். எங்கே நிற்கும் என்பதைச் சரியாகக் கணிக்க, வழியிலுள்ள திசுக்களைப் புரோட்டானாலேயே அளப்பதுதான் உத்தமம் என்பது அவர் எண்ணம். 1976இல் ஹார்வர்டு சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் ஆண்ட்ரியாஸ் கோலரோடு சேர்ந்து அதற்கும் சோதனை செய்து கட்டுரை வெளியிட்டார். சென்னையில் 2019 முதல் புரோட்டான் சிகிச்சை நடக்கிறது. அங்கும் உலகின் மற்ற மையங்களிலும் பொதுவாகத் திட்டம் போடுவது எக்ஸ்ரே சிடியிலிருந்துதான். எக்ஸ்ரே எண்ணைப் புரோட்டானுக்கு ஏற்ப மாற்றும்போது சில சதவீதப் பிழை வரும் என்று வைத்துக்கொண்டே கூடுதல் இடம் விட்டுத் திட்டம் போடுகிறார்கள். 15 சென்டிமீட்டர் ஆழத்தில் 3 சதவீதம் என்றால் நாலரை மில்லிமீட்டர். முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் அது பெரிய தூரம். அதைக் குறைக்கத்தான் பல ஆய்வகங்கள் புரோட்டான் படமெடுப்பில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன.

கார்மக் 1998இல் மாசசூசெட்ஸில், 74 வயதில், புற்றுநோயால் இறந்தார். தென்னாப்பிரிக்கா 2002இல் மாபுங்குப்வே விருதை அவர் மறைவுக்குப் பின் வழங்கியது.

அம்மாவுக்குச் சிடி எடுத்த பிறகு சிகிச்சை தொடங்கச் சில நாட்கள் ஆகும். ‘படம் எடுத்துட்டு ஏன் சும்மா உக்கார வச்சிருக்காங்க’ என்று கோபப்படாதீர்கள். டாக்டர் ஒவ்வொரு படத்திலும் கட்டியையும் நுரையீரலையும் இதயத்தையும் முதுகுத்தண்டையும் வரைய வேண்டும். பிசிசிஸ்ட் கணக்குப் போட்டு, டாக்டர் பார்த்துத் திருத்தச் சொல்லி, மறுபடி போட்டு, பிறகு அந்தத் திட்டத்தை ஆள் இல்லாத மெஷினில் பேன்டம் மேல் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் பிசிசிஸ்ட்டைப் பார்க்கணும் என்று கேளுங்கள், தயங்க வேண்டாம். அம்மாவின் மார்பில் போட்ட மார்க்குகளைச் சோப்புப் போட்டுத் தேய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வியர்வையில் அழிந்துவிட்டால் நீங்களாகப் பேனா எடுத்து வரையாதீர்கள், டெக்னாலஜிஸ்ட்டிடம் சொல்லுங்கள், அவர்கள் லேசரைப் பார்த்துப் போட்டுவிடுவார்கள்.